தட்டுப்பாட்டுக் காலத்தில் கொள்ளை லாபம்: சட்டமும் சங்கமும்

சேலம் ஜில்லாவின் கீழ்ப்பாகத்தில், கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் இடையே, சுவேத நதி பாயும் பள்ளத்தாக்கில் அமைந்துள்ளது தம்மம்பட்டி. சுற்றுக் கிராமங்களில் நெல், மரவள்ளி, மஞ்சள், பாக்கு முதலியன பயிராகின்றன. ஊரிலோ மரச்சிற்ப வேலையால் ஜீவனம் செய்யும் குடும்பங்கள் பல உண்டு. குடியானவர் தம் விளைபொருளை விற்று, உப்பு, எண்ணெய், உரம், துணி, மருந்து ஆகியவற்றை வாங்குகிறார். சிற்பியோ தாம் உண்ணும் தானியம் முழுவதையும் விலைக்கே வாங்கவேண்டியவராக இருக்கிறார். ஆகவே மழை பொய்த்தாலும், வெள்ளத்தால் பாதை அறுந்தாலும், யுத்தமோ தொற்றுநோயோ வந்து சரக்குப் போக்குவரவு நின்றாலும், அதன் பலன் சில நாட்களுக்குள் இவர்கள் எல்லாருடைய அடுப்பங்கரையையும் எட்டிவிடுகிறது.

அத்தகைய காலங்களில் சங்க அங்கத்தினர்களிடையே மூன்று கேள்விகள் எழுவது இயல்பு. விலையேற்றம் எல்லாம் குற்றமா? குற்றமான விலையேற்றத்தைத் தடுக்கச் சட்டம் இருக்கிறதா? சட்டம் இருந்தும் சில சமயங்களில் கடையில் சரக்கே கிடைக்காமற் போவது ஏன்? இம்மூன்றுக்கும் உரிய விடைகளை அறிந்திருப்பது ஒவ்வொரு கூட்டுறவுச் சங்க அங்கத்தினருக்கும் அவசியமாகும்.

அகவிலை வேறு, கொள்ளை லாபம் வேறு

ஓர் உதாரணத்தால் இதனை விளக்கலாம். ஒரு வியாபாரி துவரம்பருப்பைக் கிலோ 100 ரூபாய்க்குக் கொள்முதல் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வண்டிச்சத்தமும் கூலியும் 5 ரூபாய். ஆக அடக்க விலை 105 ரூபாய். தம் லாபமாக 7 ரூபாய் சேர்த்து 112 ரூபாய்க்கு விற்கிறார். மழையால் லாரிகள் தடைப்பட்டு, அடுத்த சரக்கு அவருக்கே 130 ரூபாய்க்குத்தான் கிடைக்கிறது. அதை அவர் 145 ரூபாய்க்கு விற்பாராயின் அது அகவிலை, குற்றமன்று. அதிக விலை கேட்ட மாத்திரத்தில் வியாபாரியைத் திட்டுவது நியாயமாகாது. விலை சற்று ஏறினால்தான் வேறிடத்துச் சரக்கு இவ்வூரை நோக்கி வரும் என்பதையும் மறத்தலாகாது.

ஆனால் அதே வியாபாரியின் கிடங்கில் 100 ரூபாய்க்கு வாங்கிய பழைய மூட்டைகள் நிறைய இருக்கும்போது, பாதை அடைபட்ட செய்தி கேட்ட அன்றே 180 ரூபாய் சொல்வதும், அல்லது ‘இருப்பு இல்லை’ என்று கதவைச் சாத்திவிட்டு விலை இன்னும் ஏறட்டும் என்று காத்திருப்பதும் கொள்ளை லாபம். முன்னது பண்டத்தின் அருமையால் நேர்ந்தது. பின்னது ஜனங்களின் நிர்ப்பந்தத்தைப் பயன்படுத்தியது.

இவ்விரண்டுக்கும் நடுவே கோடு எங்கே போடுவது என்பதுதான் சட்டம் செய்வோருக்கு எக்காலத்திலும் உள்ள சங்கடம். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் உள்நாட்டுச் சரக்குக்கு நூற்றுக்கு 5, அயல்நாட்டுச் சரக்குக்கு நூற்றுக்கு 10 என்று லாபத்துக்கு வரம்பு கட்டியது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில் 1994ஆம் ஆண்டு முதல் உள்ள சட்டப்படி, பூகம்பம், காட்டுத்தீ முதலிய ஆபத்துக்காலப் பிரகடனம் வெளியானபின் அத்தியாவசியப் பொருள்களின் விலையை முன்னிருந்த விலைக்கு மேல் நூற்றுக்கு 10க்கு அதிகமாக உயர்த்துதல் கூடாது. செலவு உண்மையில் உயர்ந்ததென்று விற்பவர் காட்டினால் விலக்கு உண்டு. இந்தியச் சட்டம் வந்த வழி இதனின்றும் வேறானது. அது பஞ்சத்தாலும் யுத்தத்தாலும் உண்டான அநுபவத்தில் பிறந்தது.

தலையிடாக் கொள்கையின் விலை

1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தின்போது தானிய விலையைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஏதும் இல்லை. தானிய வியாபாரத்தில் சர்க்கார் கைவைத்தால் வியாபாரிகள் பின்வாங்குவர் என்பதே அன்றைய இந்திய சர்க்காரின் கொள்கை. சென்னை கவர்னர் பக்கிங்ஹாம் பிரபு 30,000 டன் தானியத்தை இரகசியமாக வாங்கி இருப்பு வைக்க முற்பட்டபோது, மேலிடம் அதனை ஏற்கவில்லை. ரயில் மார்க்கமாகத் தானியம் வந்த இடங்களிலும் ஏழைகளால் வாங்க முடியாத விலை இருந்தது. ஆத்தூர்ப் பக்கம் அந்நாளில் ரயில் பாதையே கிடையாது, மாட்டுவண்டிதான் கதி, மாடுகளோ தீவனமின்றி மடிந்துகொண்டிருந்தன. தர்மபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் பகுதிகளும் அடங்கியிருந்த பழைய சேலம் ஜில்லாவில் 1871ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சுமார் 19 லக்ஷத்து 67 ஆயிரமாக இருந்த ஜனத்தொகை, 1881இல் சுமார் 16 லக்ஷமாகக் குறைந்துபோயிற்று. பட்டினியும் நோயும் ஊர்விட்டு ஓடியதும் சேர்ந்து விளைத்த நஷ்டம் அது. சர்க்கார் விலகி நின்றால் வியாபாரம் தானே பசியாற்றிவிடும் என்ற நம்பிக்கை சேலத்தில் பொய்த்தது.

யுத்த காலச் சட்டங்கள்

1939 செப்டம்பரில் இரண்டாவது உலக யுத்தம் மூண்டவுடன், இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ் அத்தியாவசியப் பண்டங்களின் விலையைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் மாகாண சர்க்கார்களுக்கு அளிக்கப்பட்டது. 1942 மார்ச்சில் ஜப்பானியர் ரங்கூனைக் கைப்பற்றவே, ஆண்டுதோறும் 10 லக்ஷம் டன்னுக்கு மேல் வந்துகொண்டிருந்த பர்மா அரிசி அடியோடு நின்றது. பர்மா அரிசியை நம்பியிருந்த சென்னை ராஜதானிக்கு இது பெரும் இடியாயிற்று. அவ்வாண்டே தானிய வியாபாரிகள் லைசென்ஸ் பெற்றுக் கணக்குக் காட்டவேண்டும் என்ற உத்தரவு பிறந்தது. 1943இல் துணி, நூல் கட்டுப்பாட்டு உத்தரவும், அவ்வாண்டு அக்டோபரில் பதுக்கலையும் கொள்ளை லாபத்தையும் தடுக்கும் அவசரச் சட்டமும் வெளிவந்தன. இப்பின்னது, உச்சவிலை தனியாகக் குறிக்கப்படாத பண்டங்களுக்கும் பொதுவாக அடக்க விலைக்கு மேல் நூற்றுக்கு 20 என்ற எல்லையை விதித்து, அதற்கு மேற்பட்டதை நியாயமற்ற விலை எனக் கருதியது.

அக்காலத்தில் வங்காளத்தில் நிகழ்ந்தது எல்லாரும் அறிந்ததே. 1943ஆம் ஆண்டுப் பஞ்சத்தை விசாரித்த கமிஷன் இறந்தோர் தொகையைச் சுமார் 15 லக்ஷம் என்று கணக்கிட்டது. பிற்கால ஆராய்ச்சியாளர் பலர் 30 லக்ஷம் வரை கூறுவர். அவ்வாண்டு அரிசி வியாபாரத்தில் கிடைத்த அசாதாரண லாபம் 150 கோடி ரூபாய் என்ற மதிப்பீட்டை எடுத்துக்காட்டிய கமிஷன், அதைத் தன் சாவுக் கணக்கோடு ஒப்பிட்டு, ஒரு சாவுக்குச் சுமார் ஆயிரம் ரூபாய் மிகை லாபம் என்று எழுதி வைத்தது. கொள்ளை லாபத்தைச் சட்டம் ஏன் வெறும் பேராசையாகக் கருதாமல் குற்றமாகக் கருதுகிறது என்பதற்கு இக்கணக்கைக் காட்டிலும் வேறு விளக்கம் வேண்டுவதில்லை.

இன்று அமலிலுள்ள சட்டம்

யுத்தம் முடிந்தபின் 1946ஆம் வருஷத்து அத்தியாவசியப் பண்டங்கள் (தற்காலிக அதிகாரங்கள்) சட்டமும், அது காலாவதியானபின் 1955ஆம் வருஷத்து அத்தியாவசியப் பண்டங்கள் சட்டமும் வந்தன. பின்னதே இன்றும் அமலில் உள்ளது. இதன் அட்டவணையில் உணவுப் பண்டங்கள், சமையல் எண்ணெய், மருந்துகள், உரங்கள், பெட்ரோலியப் பொருள்கள், விதைகள் முதலியன அடங்கியுள்ளன.

இச்சட்டத்தின் தன்மையை அங்கத்தினர்கள் நன்கு உணரவேண்டும். எந்தப் பொருளையும் அதிக விலைக்கு விற்பது குற்றம் என்று இது பொதுப்படையாகக் கூறவில்லை. 3ஆவது பிரிவின்படி சர்க்கார் ஓர் உத்தரவு பிறப்பித்து, இன்ன பொருளுக்கு இன்ன உச்சவிலை, இவ்வளவே இருப்பு வைக்கலாம் என்று நிர்ணயித்தபிறகு, அவ்வுத்தரவை மீறுவதே குற்றமாகும். மீறியோருக்குப் பெரும்பாலான குற்றங்களில் 3 மாதம் முதல் 7 ஆண்டு வரை சிறைத் தண்டனையும் அபராதமும் உண்டு. கைப்பற்றிய சரக்கைப் பறிமுதல் செய்யக் கலெக்டருக்கு அதிகாரம் உண்டு. 1980ஆம் வருஷத்துக் கள்ள மார்க்கெட் தடுப்புச் சட்டத்தின்படி, அத்தியாவசியப் பண்டங்கள் வழங்குவதற்கு இடையூறு செய்வோரை 6 மாதம் வரை காவலில் வைக்கவும் இடமிருக்கிறது.

2020ஆம் ஆண்டுக் கொரோனா நோய்க்காலம் இச்சட்டம் இயங்கும் விதத்தைத் தெளிவாகக் காட்டியது. முகக்கவசமும் கைச் சுத்திகரிப்புத் திரவமும் அதற்கு முன் அட்டவணையில் இல்லை. ஆகையால் கடைக்காரர் சொன்னதே விலையாக இருந்தது. மார்ச் 13ஆம் தேதி மத்திய சர்க்கார் அவ்விரண்டையும் அத்தியாவசியப் பண்டங்களாக அறிவித்தது. மார்ச் 21ஆம் தேதி உத்தரவால் ஈரடுக்கு முகக்கவசம் 8 ரூபாய், மூவடுக்கு 10 ரூபாய், 200 மில்லி திரவம் 100 ரூபாய் என்ற உச்சவிலைகள் ஜூன் 30 வரை விதிக்கப்பட்டன. உத்தரவு பிறக்கும் வரை புகாருக்கு ஆதாரம் குறைவு. பிறந்தபின் ரசீது ஒன்றே போதுமான சாட்சி.

பொட்டலமிட்ட சரக்குகளுக்கு இத்தகைய உத்தரவுக்காகக் காத்திருக்க வேண்டுவதில்லை. 2009ஆம் வருஷத்து எடையளவுச் சட்டமும் அதன் கீழ் 2011இல் அமலுக்கு வந்த விதிகளும், உறையில் அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் வாங்குவதை எக்காலத்தும் தடுக்கின்றன. வெள்ளமானாலும் கடையடைப்பானாலும் அச்சிட்ட விலை அச்சிட்ட விலையே. உரத்துக்கு 1985ஆம் வருஷத்துக் கட்டுப்பாட்டு உத்தரவு தனியாக உண்டு. குறித்த விலைக்கு மேல் விற்கக்கூடாது. இருப்பும் விலையும் பலகையில் எழுதியிருக்க வேண்டும். ரசீது கொடுத்தே தீரவேண்டும் என்பன அதன் முக்கிய விதிகள்.

சட்டம் மட்டும் போதாமை

இனி மூன்றாவது கேள்வி. 1941 டிசம்பரில் இந்திய சர்க்கார் கோதுமைக்கு உச்சவிலை விதித்தது. ஆனால் அவ்விலைக்கு விற்கத் தக்க இருப்பு சர்க்கார் கையில் இல்லை. பலன் என்ன? கோதுமை வெளிச்சந்தையிலிருந்து மறைந்து கள்ளச் சந்தைக்குப் போயிற்று. 1943 ஜனவரியில் அக்கட்டுப்பாட்டை நீக்க நேர்ந்தது. மறுபுறம், 1943 மார்ச்சில் வங்காளத்தில் அரிசியின் மொத்த விலைக் கட்டுப்பாட்டை எடுத்தபோதும் கையில் இருப்பு இல்லை, விலை வானளாவியது. கட்டுப்பாட்டை விதித்ததும் தோற்றது, எடுத்ததும் தோற்றது. இரண்டிலும் குறை ஒன்றே: நியாய விலைக்குக் கொடுக்கச் சரக்கு இல்லை.

இருப்புப் போதுமானதாக இருக்கும் தருணத்தில் நிகழ்வது வேறு. சேலம் நகரசபைத் தலைவராக முன்னாளில் பணிபுரிந்தவரான ராஜாஜி, சென்னை முதன்மந்திரியாக 1952 ஜூனில் உணவுதானியக் கட்டுப்பாட்டை நீக்கினார். பலர் அஞ்சியபடி பஞ்சம் நேரவில்லை.

2023 ஜூலையில் நடந்ததும் நோக்கத்தக்கது. தக்காளி விளைச்சல் குன்றிச் சென்னையில் கிலோ 100 ரூபாய்க்கு மேல் விற்றபோது, தமிழ்நாட்டுச் சர்க்கார் கூட்டுறவுத் துறையின் பண்ணைப் பசுமைக் கடைகளிலும் 82 நியாயவிலைக் கடைகளிலும் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி கிடைக்கச் செய்தது. பக்கத்துக் கடையில் 60 ரூபாய்க்குச் சரக்கு இருப்பதை அறிந்த ஜனங்களிடம் மனம்போன விலை சொல்ல எவரும் தயங்குவர். முகக்கவசத் தட்டுப்பாட்டிலும் விலை உத்தரவோடு சுய உதவிக் குழுப் பெண்கள் ஏராளமாகத் தைத்துக் கொடுத்ததும் சேர்ந்தே நிலைமையைத் திருத்தியது. ஆகவே சட்டம் ஒரு கை. சரக்கு இருப்பு மறு கை. ஒரு கையால் ஓசை எழாது.

விளைவிப்போர் பாதுகாப்பு

விலைக் கட்டுப்பாட்டில் மறுபக்கம் ஒன்று உண்டு. குடியானவர் விற்கும் பொருளின் விலை ஏறும்போது மட்டும் சர்க்கார் தலையிட்டு, இறங்கும்போது வாளாவிருந்தால், அது அவருக்கு அநீதியாகும். 2019 செப்டம்பர் 29ஆம் தேதி வெங்காயத்துக்கு மொத்த வியாபாரி 500 குவிண்டால், சில்லறை வியாபாரி 100 குவிண்டால் என இருப்பு வரம்பு விதித்ததோடு ஏற்றுமதியையும் மத்திய சர்க்கார் தடுத்தபோது, பட்டணத்தார் மகிழ்ந்தனர். மகாராஷ்டிர விவசாயிகள் ஆட்சேபித்தனர். 2020இல் இயற்றிய திருத்தச் சட்டம், யுத்தம், பஞ்சம், அசாதாரண விலையேற்றம், கடும் இயற்கை உற்பாதம் ஆகிய காலங்களில் மட்டுமே உணவுப் பண்டங்களைக் கட்டுப்படுத்தலாம் என்று சுருக்கியது. இருப்பு வரம்பு விதிக்கவேண்டுமாயின் காய்கனி விலை நூற்றுக்கு 100, கெடாத தானியங்களின் விலை நூற்றுக்கு 50 ஏறியிருக்க வேண்டும் என்பது அதன் விதி. அத்திருத்தம் நடப்பிலிருந்த அக்டோபர் மாதத்திலேயே வெங்காயத்துக்கு மீண்டும் மொத்த வியாபாரிக்கு 25 டன், சில்லறை வியாபாரிக்கு 2 டன் என்ற வரம்பு விதிக்க நேர்ந்தது. 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அத்திருத்தத்தை நிறுத்திவைத்தது. அவ்வாண்டு இறுதியில் பார்லிமெண்டு அதனை ரத்துச் செய்தது. ஆதலால் இப்பொழுது பழைய விரிந்த அதிகாரமே சர்க்காரிடம் இருக்கிறது.

இதிலிருந்து பெறப்படுவது யாதெனில், விலை ஏறிய காலத்து வரும் மிகுதிப் பணம் யார் கைக்குப் போகிறது என்பதையே முதலில் விசாரிக்க வேண்டும். விளைவித்தவருக்குப் போகுமாயின் அடுத்த போகத்தில் சாகுபடி பெருகும். பண்டத்தை ஒளித்தவருக்குப் போகுமாயின் அடுத்த முடையிலும் ஒளிப்பதே பெருகும்.

சங்கங்கள் செய்ய வேண்டுவன

முற்காலத்தில் ஐக்கிய நாணய சங்கங்கள் என்று வழங்கியவை இன்று தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களாக விளங்குகின்றன. 1904ஆம் ஆண்டில் திருவல்லிக்கேணியில் தோன்றிய கூட்டுறவுப் பண்டகசாலை நியாய விலைக்கு வழிகாட்டிற்று. யுத்த காலத்தில் அத்தகைய பண்டகசாலைகள் ராஜதானியெங்கும் பெருகின. இன்று தமிழ்நாட்டு நியாயவிலைக் கடைகளில் பெரும்பாலானவற்றைக் கூட்டுறவுச் சங்கங்களே நடத்துகின்றன. சட்டத்தின் மறு கையாகிய இருப்பு சங்கங்களின் வசமே உள்ளது எனலாம். ஆகவே பின்வருவனவற்றில் அங்கத்தினர்கள் ஊக்கம் காட்டுதல் நலம்.

முதலாவது, இருப்பு. மழைக்காலத்துக்கு முன்பே உரம், பருப்பு, எண்ணெய் ஆகியவற்றின் இருப்பைச் சங்கக் கிடங்கில் சரிபார்த்து, பொதுப்பேரவையில் கணக்குக் கேட்க வேண்டும். தட்டுப்பாடு வந்தபின் வாங்கும் சரக்கு அகவிலைச் சரக்காகவே இருக்கும்.

இரண்டாவது, விலைப்பலகை. 1999இல் தொடங்கிய உழவர் சந்தைத் திட்டத்தின் கீழ் ஆத்தூர், தம்மம்பட்டி முதலிய இடங்களில் சந்தைகள் உண்டு. அங்கு அன்றாடம் எழுதப்படும் விலை, மொத்த விலைக்குச் சற்று மேலாகவும் சில்லறை விலைக்குக் குறைவாகவும் அமைவது. அதனைச் சங்க வாயிலிலும் எழுதி வைத்தால், எது நியாய விலை என்று எல்லாரும் அறிவர். நேற்றைய விலை தெரிந்தவரையே இன்றைய விலையால் ஏமாற்றுவது கடினம்.

மூன்றாவது, ரசீது. ரசீதில்லாப் புகார் வேரில்லா மரம். பண்டத்தின் பெயர், எடை, தேதி, கொடுத்த தொகை ஆகியவை அடங்கிய ரசீதைக் கேட்டு வாங்குவதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். ஒரு மூட்டை யூரியாவுடன் வேண்டாத வேறு சரக்கையும் வாங்கினால்தான் தருவோம் என்று கடைக்காரர் வற்புறுத்தினால், அதையும் தேதியோடு எழுதி வைக்க வேண்டும்.

நான்காவது, புகார். உணவுப் பண்டங்களில் பதுக்கலோ உச்சவிலை மீறலோ கண்டால் வட்ட வழங்கல் அலுவலரிடமும், அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கினால் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளரிடமும், உரத்தில் குறை கண்டால் வேளாண்மை உதவி இயக்குநரிடமும் எழுத்து மூலம் அறிவிக்கலாம். 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்துக்குத் தொலைபேசி வாயிலாகவும் தெரிவிக்கலாம். ஒருவர் தனியே செய்யும் புகாரைவிடச் சங்கத்தின் தீர்மானத்தோடு பலர் கையொப்பமிட்டு அனுப்பும் புகாருக்கு வலிமை மிகுதி. கடன்பட்ட ஏழை கடைக்காரருக்கு அஞ்சி வாய்மூட வேண்டிய நிலையும் அதனால் நீங்கும்.

ஐந்தாவது, சுயக்கட்டுப்பாடு. தட்டுப்பாட்டு வதந்தி கிளம்பியவுடன் வசதியுள்ளோர் ஆறு மாதத்துக்கு வேண்டியதை ஒரே நாளில் வாங்கி வீட்டில் அடுக்குவதும் பதுக்கலுக்கு உறவானதே. அன்று மாலை கூலி வாங்கிக்கொண்டு கடைக்கு வருபவருக்கு ஒன்றும் மிஞ்சாது. சங்கக் கடையில் ஆளுக்கு இவ்வளவு என்று பங்கிட்டுக் கொடுக்கும்போது, சங்கத் தலைவர் முதல் புதிய அங்கத்தினர் வரை அப்பங்குக்கு மேல் கேளாதிருத்தல் வேண்டும். சங்கத்தில் பதவியுள்ளோரே பின்கதவு வழியாகச் சரக்குப் பெற்றால், வியாபாரியைக் குறைகூறும் உரிமை ஊருக்கு இல்லாமற் போகும்.

சட்டத்தை இயற்றுவதும் உத்தரவு பிறப்பிப்பதும் சர்க்காரின் கடமை. ஆயினும் உத்தரவு சென்னையிலிருந்தோ டில்லியிலிருந்தோ புறப்பட்டுத் தம்மம்பட்டிக் கடைவீதிக்கு வந்து சேருமுன் பல நாட்கள் கழிந்துவிடலாம். அந்நாட்களில் அடுப்பு எரிவதும் எரியாததும் கிராமத்தின் சொந்த இருப்பையும் ஒற்றுமையையும் பொறுத்தது. முடை வருமுன் நிரப்பிய கிடங்கும், முடையின்போது ஒழுங்காக எழுதிய கணக்கும் உள்ள சங்கம் இருக்கும் ஊரில் கொள்ளை லாபத்துக்கு இடம் இராது.